சுவருக்குப் பின்னால் ஒருவன்

கனமான மண்சுவர் ஒன்று போதும், உலகத்தின் மிகச் சிறந்த ரைஃபிளையும் செல்லாக்காசாக்கிவிட. ஆப்கானிஸ்தானில் சண்டையிட்ட அமெரிக்கப் படையினருக்கு இது அன்றாடப் பாடம். எதிரி சுவருக்குப் பின்னால் குந்தியிருப்பான்; சட்டென எழுந்து சுடுவான்; மறுபடி குனிந்துகொள்வான். அவன் எங்கே இருக்கிறான் என்பது தெரியும், எத்தனை மீட்டர் என்பதும் தெரியும். ஆனால் தோட்டா நேர்கோட்டில் பாயும் பொருள். சுவரைத் தாண்டி வளைந்து இறங்க அதற்கு வராது. பீரங்கியைக் கேட்கலாம், விமானத்தைக் கேட்கலாம். அவை வந்து சேர்வதற்குள் ஆள் இடம் மாறியிருப்பான்.

அந்த ஒருவனுக்காக அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ராணுவங்கள் கோடிகோடியாகச் செலவழித்திருக்கின்றன. ரைஃபிளும் கிரனேட் லாஞ்சரும் ஒன்றாகப் பிறந்த ஒரே ஆயுதம் வேண்டும்; ஒரே சிப்பாய், ஒரே விசை; எதிரே நிற்பவனுக்குத் தோட்டா, ஒளிந்திருப்பவனுக்குக் குண்டு. கேட்க எளிமையாக இருக்கிறது. அமெரிக்கா இரண்டு தலைமுறை முயன்று கைவிட்டது. தென்கொரியா செய்தே முடித்து, படைக்கும் கொடுத்து, பிறகு கைவிட்டது.

இந்தத் தலைவலி முதல் உலகப்போரில் தொடங்கியது. பதுங்குகுழிகள் சில இடங்களில் நூறு, இருநூறு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நின்றன. கையால் எறிந்தால் குண்டு முப்பது, நாற்பது மீட்டர் போகும். அதற்கு அப்பால் அனுப்ப ரைஃபிளின் வாயில் ஒரு கிண்ணத்தை மாட்டி, அதில் குண்டை வைத்து, தோட்டாவின் வாயுவால் தள்ளிவிட்டார்கள். இவற்றில் பிரெஞ்சுக்காரர்களின் 'விவியன்-பெசியே' குண்டு கெட்டிக்கார வேலை. குண்டின் நடுவே ஒரு துளை இருக்கும். சாதாரணத் தோட்டாவையே சுடலாம். அது துளை வழியே பாய்ந்து, போகிற போக்கில் ஃபியூஸைத் தட்டிவிடும். பின்னால் வரும் வாயு குண்டைத் தூக்கி எறியும். பிரிட்டிஷார் தங்கள் மில்ஸ் குண்டை, ஈயம் இல்லாத வெற்றுத் தோட்டாவைக் கொண்டு ஏவினார்கள். கனமான குண்டைத் தள்ளும்போது ரைஃபிளுக்கு விழும் அடி பலமானது. குழல் வெடித்தாலும் பிடித்திருக்கும் கை தப்பவேண்டும் என்று லீ-என்ஃபீல்டின் முன்கட்டையில் கம்பியை நெருக்கமாகச் சுற்றிவைத்தார்கள். அப்படிக் கம்பி சுற்றிய ரைஃபிள்கள் இந்தியப் படைகளிலும் நெடுங்காலம் புழங்கின.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. கிண்ணத்தை மாட்டி வெற்றுத் தோட்டாவை ஏற்றியிருக்கும் நேரத்தில் அந்த ரைஃபிள் ரைஃபிளாக இருக்காது. எதிரே ஒருவன் திடீரென்று ஓடிவந்தால் கையில் இருப்பது குண்டு எறியும் கட்டைதான்.

அமெரிக்க ராணுவம் 1950-களில் வேறு வழியில் போனது. குண்டு ஏவுவதற்கென்றே தனித் துப்பாக்கி. அதன் உயிர்நாடி தோட்டாவுக்குள் இருந்தது. பெரிய குண்டைத் தோளில் வைத்துச் சுட வேண்டுமானால் மருந்து மெல்ல எரிந்து மெல்லத் தள்ள வேண்டும். ஆனால் குறைந்த அழுத்தத்தில் மருந்து ஒழுங்காக எரியாது. இதற்கு ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப்போரிலேயே ஒரு பீரங்கியில் விடை கண்டிருந்தார்கள். மருந்தை உள்ளே ஒரு சின்னஞ்சிறு அறையில் அடைத்துவிடுவது. அங்கே உயர் அழுத்தத்தில் நன்றாக எரியட்டும். வாயு சிறு துளைகள் வழியே வெளியறைக்குக் கசிந்து, அழுத்தம் வெகுவாகத் தணிந்து, குண்டைத் தள்ளட்டும். இந்த ஏற்பாட்டோடு பிறந்ததுதான் 40 மி.மீ. கிரனேட். அதைச் சுட 1961-இல் படையில் சேர்ந்தது எம்79. பருத்த ஒற்றைக் குழல், நடுவில் மடித்துத் திறந்து ஒவ்வொரு குண்டாகப் போடவேண்டிய துப்பாக்கி.

குண்டு குழலை விட்டுக் கிளம்பும் வேகம் விநாடிக்கு 76 மீட்டர்தான். எம்16-இன் தோட்டா 900 மீட்டரைத் தாண்டும். வெயில் சரியாக விழுந்தால் 40 மி.மீ. குண்டு பறந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த மந்தமே அதற்கு வசதி. உயரப் போய் வளைந்து, சுவருக்கு அந்தப்பக்கம் இறங்கும். 350 மீட்டர் வரை பயன்படும். விழுந்த இடத்தைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள் இருப்பவர்களின் கதி முடியும். சுட்டவரே மாட்டிக்கொள்ளாமலிருக்க, சுழன்றுகொண்டு பதினைந்து மீட்டர் அளவு பறந்த பிறகுதான் ஃபியூஸ் விழித்துக்கொள்ளும்.

வியட்நாமில் சிப்பாய்களுக்கு எம்79 பிடித்துப்போனது. பிடிக்காதது ஒன்றுதான்: அதைத் தூக்குகிறவரிடம் வேறு ரைஃபிள் இல்லை. இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி மட்டும். அடர்ந்த காட்டில் எதிரி பத்து மீட்டரில் முளைத்தால், கிரனேட் சுட்டும் பயனில்லை. ஒவ்வொரு அணியிலும் இப்படி இரண்டு பேர் ரைஃபிள் இல்லாமல் நடந்தார்கள்.

ஒன்றில் இரண்டு என்ற ஆசைக்கு அதற்கு முன்பே தீப்பற்றியிருந்தது. 1962-இல் அமெரிக்க ராணுவம் 'ஸ்பிவ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தனிநபர் ஆயுதத்துக்கு அழைப்பு விடுத்தது. அந்தக் கேட்பாணையை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. சாதாரணத் தோட்டா வேண்டாம். கோணி ஊசிக்கு வால் சிறகு ஒட்டியதுபோன்ற எஃகு அம்புகள் வேண்டும். ஒவ்வொன்றும் 0.65 கிராம், வேகம் விநாடிக்கு 1,400 மீட்டர். விசையை ஒருமுறை அழுத்தினால் அவை கொத்தாகப் பாயவேண்டும். கூடவே மூன்று கிரனேட்டுகளை அடுத்தடுத்துச் சுடும் லாஞ்சர். அறுபது அம்புத் தோட்டா, மூன்று கிரனேட் எல்லாம் ஏற்றிய பிறகும் மொத்த எடை பத்து பவுண்டுக்குள், அதாவது நாலரை கிலோவுக்குள் இருக்கவேண்டும்.

ஏஏஐ, ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை, வின்செஸ்டர், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸன் ஆகிய நான்கு இடங்களில் வேலை தொடங்கியது. 1964-இல் மாதிரிகள் ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்ட் பென்னிங்கில் வந்து இறங்கின.

ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸனின் ஆயுதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரே குழலுக்குள் மூன்று துளைகள். முக்கோண வடிவப் பிளாஸ்டிக் தோட்டா ஒவ்வொன்றிலும் மூன்று அம்புகள், மூன்றும் ஒரே நேரத்தில் தத்தம் துளை வழியே பாயும். டேவிட் டார்டிக் என்பவரின் கண்டுபிடிப்பை ஒட்டி அமைந்தது அது. காகிதத்தில் அழகு. எல்லாம் ஏற்றி நிறுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட பதினொரு கிலோ! கேட்டதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பாதுகாப்பாகச் சுடவும் முடியாது என்று சோதனைக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

மற்றவையும் தேறவில்லை. அம்பைக் குழலுக்குள் பிடித்துவைத்திருக்கும் உறை வாயில் உரிந்து விழவேண்டும். அந்த வேகத்தில் கிளம்பும் சத்தமும் தீச்சுடரும் சகிக்க முடியாதவை. அம்புத் தோட்டாவைச் செய்யும் செலவு இன்னொரு பக்கம். கிரனேட் பகுதிதான் எடையை ஏற்றியது. தானாக அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் எந்திரம் என்று வந்ததுமே உதிரிபாகம் பெருகியது. 1966-இல் திருத்திய மாதிரிகள் வந்தன, அவையும் கரை சேரவில்லை. 1794-இல் நிறுவப்பட்டு அமெரிக்க ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்துவந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையையே 1968-இல் மூடிவிட்டார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான கிளை உண்டு. பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா பழைய எம்14 ரைஃபிளின் உற்பத்தியை நிறுத்தச் சொன்னபோது, ஸ்பிவ் சீக்கிரம் வந்துவிடும் என்றே எல்லோரும் நம்பினார்கள். அதுவரை சமாளிக்க, 1963-இல் ஒரே ஒரு முறை வாங்குவதாகச் சொல்லி 1,04,000 ரைஃபிள்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இடைக்கால ஏற்பாடாக வந்த அந்த ரைஃபிளின் பெயர் எம்16. அதன் வாரிசான எம்4 இன்றும் அமெரிக்கப் படையில் இருக்கிறது. வரப்போவதாகச் சொன்ன ஆயுதத்தை இப்போது அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம்.

வியட்நாமில் காத்திருக்க நேரமில்லை. கோல்ட் நிறுவனம் எம்16-இன் குழலுக்கு அடியில் மாட்டக்கூடிய எக்ஸ்எம்148 என்ற லாஞ்சரைக் கொடுத்தது. ரைஃபிளின் விசையைத் தொட்டுக்கொண்டே லாஞ்சரையும் சுடலாம் என்று அதன் விசையை நீண்ட கம்பியாகப் பின்னால் இழுத்துவைத்திருந்தார்கள். காட்டில் நடக்கும்போது கொடியும் புதரும் அந்தக் கம்பியில் மாட்டும் ஆபத்து இருந்தது. சுடுவதற்கு முன் கொக்கியை இழுத்துத் தயார்செய்யவே நல்ல கைப்பலம் வேண்டும். 1967-இல் இது சரிப்படாது என்று களத்திலிருந்தே எழுதிவிட்டார்கள். பழைய எம்79-க்குத் திரும்பினவர்கள் பலர்.

பிறகு வந்த போட்டியில் வென்றது, ஸ்பிவ் திட்டத்தில் தோற்றவர்களில் ஒருவரான அதே ஏஏஐ. இந்த முறை யாரும் மூன்று குண்டு கேட்கவில்லை. ஒரு அலுமினியக் குழல். முன்னால் தள்ளினால் திறக்கும், குண்டைப் போட்டுப் பின்னால் இழுத்தால் மூடும். தனி விசை. எடை 1.36 கிலோ. எம்203 என்று பெயர் வாங்கி 1969-இல் வியட்நாமுக்குச் சோதனைக்குப் போனது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் உலகமெங்கும் பிரதி எடுக்கப்பட்டது. பார்க்கப்போனால் இது ஒருங்கிணைந்த ஆயுதமே அல்ல. ஒரு துப்பாக்கிக்கு அடியில் இன்னொரு துப்பாக்கியை ஆணி போட்டு மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கழற்றினால் இரண்டும் தனித்தனி.

சோவியத் ஒன்றியமும் இதே முடிவுக்கு வந்தது. 1978-இல் கலாஷ்னிகோவின் அடியில் மாட்டும் ஜிபி-25 வந்தது. அது இன்னும் எளிமை. குண்டைக் குழலின் முன்வாயில் கையால் திணித்தால் போதும். மருந்து குண்டின் அடியிலேயே இருப்பதால், சுட்டபின் வெற்று உறையை எடுத்துப்போடும் வேலை கிடையாது. இந்தியாவில் ரைஃபிளின் அடியில் மாட்டும் லாஞ்சரைச் செய்யும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது: திருச்சி நவல்பட்டுக்கு அருகிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலை. புனேயிலுள்ள ஆயுத ஆய்வு நிறுவனம் வடிவமைத்த 40 மி.மீ. லாஞ்சர் அங்கே இன்சாஸுக்கும் ஏகே வகை ரைஃபிள்களுக்கும் பொருந்தும்படி தயாராகிறது.

இத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். விடவில்லை.

1989-90-இல் அமெரிக்கா இன்னொரு பெரிய சோதனை நடத்தியது. எம்16-ஐவிட இருமடங்கு துல்லியமாகப் பலன் தரும் ரைஃபிள் வேண்டும் என்று நான்கு நிறுவனங்களின் மாதிரிகளை வைத்துப் பார்த்தார்கள். அம்பு, இரட்டைத் தோட்டா, உறையில்லாத தோட்டா எல்லாம் வந்தன. எதுவும் இலக்கை எட்டவில்லை. காரணம் துப்பாக்கியில் இல்லை. பதற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு சுடும் மனிதனின் குறி தவறுவதுதான் பெரிய பிழை. அதை எந்தக் குழலும் சரிசெய்யாது. அப்படியானால் குறி கொஞ்சம் தவறினாலும் பக்கத்தில் வெடித்தாலே வேலை முடிகிற பொருளைத்தான் சுடவேண்டும் என்று காலாட்படைப் பள்ளியில் முடிவு கட்டினார்கள். ரைஃபிள் போகக்கூடிய தூரம் போய்விட்டது, இனி வெடிகுண்டுதான். தர்க்கத்தில் குற்றம் சொல்ல முடியாது.

அதிலிருந்து பிறந்தது எக்ஸ்எம்29. அலையன்ட் டெக்சிஸ்டம்ஸ் நிறுவனமும் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக்கும் சேர்ந்து செய்தது. 1998-இல் ஒப்பந்தம் கிடைத்தது. மேலே 20 மி.மீ. குண்டுகளை ஒவ்வொன்றாகச் சுடும் பகுதி, ஆறு குண்டு மேகசின் தோள்கட்டைக்குள். அடியில் 5.56 மி.மீ. ரைஃபிள், முப்பது தோட்டா மேகசின். இரண்டுக்கும் ஒரே விசை. உச்சந்தலையில் ஒரு பெட்டி. அதுதான் மூளை.

அந்தப் பெட்டி செய்யும் வேலை உண்மையிலேயே ரசிக்கத்தக்கது. சிப்பாய் சுவரின் மீது லேசர் கதிரைப் பாய்ச்சுவார். 300 மீட்டர் என்று பதில் வரும். பெட்டி கோணத்தைக் கணக்கிட்டு, எவ்வளவு தூக்கிப் பிடிக்கவேண்டும் என்று கண்ணாடியில் புள்ளி காட்டும். சுவருக்கு அந்தப்பக்கம் வெடிக்கவேண்டுமே! பொத்தானை அழுத்தி ஒன்றிரண்டு மீட்டர் கூட்டிக்கொள்ளலாம். விசையை அழுத்துமுன் அந்தத் தூரம் குண்டின் ஃபியூஸுக்குள் மின்தூண்டலால் எழுதப்பட்டுவிடும். இனி குண்டு தன் பயணத்தைத் தானே அளக்கவேண்டும். குழலுக்குள் இருக்கும் திருகுவெட்டு குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. ஒரு சுழற்சிக்கு இத்தனை தூரம் என்பது நிலையான கணக்கு. ஒரு சுற்றுக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 301 மீட்டரில் வெடிக்கவேண்டுமென்றால் 602 சுற்று எண்ண வேண்டும். பூமியின் காந்தப்புலத்துக்குள் சுழலும்போது குண்டுக்குள் இருக்கும் உணரியில் ஏற்ற இறக்கம் உண்டாகும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு சுற்று. எண்ணிக்கை முடிந்ததும் சுவரைத் தாண்டி, பதுங்கியிருப்பவன் தலைக்கு மேலே காற்றிலேயே வெடிக்கும். சில்லு மேலிருந்து கொட்டும்.

சிக்கல் பெட்டியில் இல்லை, அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றிலும் இருந்தது. முதலில் எடை. மாதிரி ஆயுதம் 8.2 கிலோ; இலக்கு வைத்த 6.35 கிலோவைத் தொடவே முடியவில்லை. நீளத்தைக் குறைக்க ரைஃபிள் பகுதியின் குழலை 25 சென்டிமீட்டருக்கு வெட்டினார்கள். எம்16-இன் குழல் ஐம்பது சென்டிமீட்டர். குழல் பாதியானால் தோட்டாவின் வேகமும் குறையும். ஆக, ரைஃபிள் பகுதி பழையதைவிடச் சோனியான ரைஃபிளாகிவிட்டது.

குண்டுப் பகுதி? அதற்கும் எடைப் பஞ்சம். சுமக்கத் தோதாக 40 மி.மீட்டரை 20 ஆக்கியிருந்தார்கள். விட்டம் பாதியானால், அதே வடிவத்தில் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். அதற்குள் ஃபியூஸ், உணரி, மின்சுற்று எல்லாம் போக வெடிமருந்துக்கும் சில்லுக்கும் மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். வெடித்தால் போதுமான சேதம் வருமா என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஒன்றின் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டும் என்று கணக்கு வேறு. 2004 வாக்கில் ராணுவம் ஆயுதத்தைப் பிளந்தது: ரைஃபிள் தனியாக, லாஞ்சர் தனியாக. ரைஃபிளாகப் பிரிந்த எக்ஸ்எம்8 2005-இல் கைவிடப்பட்டது.

லாஞ்சராகப் பிரிந்தது எக்ஸ்எம்25. குண்டை 25 மி.மீ. ஆக்கினார்கள், ரைஃபிளின் சுமை போனது. இப்போது எல்லாம் சரியாக வரவேண்டுமல்லவா? 2010-இல் ஐந்து துப்பாக்கிகள் ஆப்கானிஸ்தானுக்குப் போயின. டிசம்பர் 3-ஆம் தேதி முதன்முறை எதிரி மீது சுடப்பட்டது. பலன் இருந்தது. மறைவிடங்களிலிருந்து சுட்டவர்கள் இந்தக் குண்டு வந்ததும் ஓடிப்போனதாகச் செய்திகள் வந்தன. சிப்பாய்கள் அதற்கு 'பனிஷர்', தண்டிப்பவன், என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் ரைஃபிளைக் கழற்றியதும் அறுபதுகளின் பழைய கேள்வி திரும்ப வந்து நின்றது. 6.35 கிலோ எடையுள்ள இந்தத் துப்பாக்கியைத் தூக்குபவர் தன்னைக் காத்துக்கொள்ள எதைத் தூக்குவார்? 2013-இல் ரேஞ்சர் பிரிவு ஒன்று, ஒரு திடீர்த் தாக்குதலுக்கு அதைக் கொண்டுபோக மறுத்துவிட்டு எம்4 கார்பைன்களையே எடுத்துக்கொண்டது. 36 குண்டுகளோடு அந்தச் சுமையைத் தூக்குவதில் லாபமில்லை என்பது அவர்கள் கணக்கு. அதே ஆண்டு பிப்ரவரியில் ஒரு துப்பாக்கியில் இரண்டு குண்டுகள் சிக்கிக்கொண்டு மருந்து பற்றி வெடித்தது. குண்டின் தலைப்பகுதி வெடிக்காததால் சிறு காயத்தோடு போயிற்று. நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. துப்பாக்கி ஒன்றுக்கு 35,000 டாலர் என்ற பேச்சு ஏற்கெனவே கசந்துகொண்டிருந்தது.

கடைசி அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது: 1868-ஆம் ஆண்டின் ஒரு பிரகடனம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, 400 கிராமுக்குக் குறைவான வெடிக்கும் எறிபொருட்களைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தன. உடம்புக்குள் போய் வெடிக்கும் தோட்டாக்களை நினைத்துப் போட்ட தடை அது. எக்ஸ்எம்25 குண்டு அந்த எடைக்கு வெகு கீழே. இது விதியை மீறுமோ என்ற தயக்கம் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்துக்கு வந்தது; உத்தரவாதம் கேட்டது. அமெரிக்கா அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட நாடே அல்ல. அந்தக் கணக்கில் பார்த்தால் எம்79 காலத்திலிருந்தே எல்லா 40 மி.மீ. குண்டுகளும் 400 கிராமுக்குக் கீழேதான். அதற்கு யாரும் மூச்சுவிட்டதில்லை. எப்படியோ, மாதிரித் துப்பாக்கிகள் வந்துசேரவில்லை என்று முதன்மை ஒப்பந்ததாரரான ஆர்பிட்டல் ஏடிகே 2017-இல் தன் கூட்டாளி மீதே 2.7 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2018-இல் திட்டம் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது.

அமெரிக்கா பிளந்ததைத் தென்கொரியா ஒட்டவைத்துக் காட்டியது. 2000-இல் தொடங்கி 2010-இல் படைக்குக் கொடுத்த கே11, உலகிலேயே முதலில் சேவைக்கு வந்த இந்த வகை ஆயுதம். மேலே 20 மி.மீ. குழல், அடியில் 5.56, லேசர், கணிப்பெட்டி எல்லாம் உண்டு. கொரியர்கள் சில இடங்களில் ஆசையைக் குறைத்துக்கொண்டார்கள். குண்டுப் பகுதி தானாக ஏற்றிக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுக்கவேண்டும். அதனால் எடை வெறுமையாக 6.1 கிலோவில் நின்றது. அவர்களின் வழக்கமான கே2 ரைஃபிள் மூன்றேகால் கிலோதான். விலை ஒன்றுக்கு சுமார் ஒன்றரைக் கோடி வோன்.

2011-இல் ஒரு குண்டு குழலுக்குள்ளேயே வெடித்து ஒருவர் காயமடைந்தார். 2014-இல் மறுபடி வெடிப்பு, மூவருக்குக் காயம். மின்னணு ஃபியூஸ் வெளியிலிருந்து வரும் மின்காந்த அலைகளில் ஏமாந்துபோகிறதோ என்ற சந்தேகம் கிளம்பியது. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தணிக்கையின்போது, காந்தத்தை அருகில் கொண்டுபோனாலே ஆயுதம் சுடத் தூண்டப்படுகிறது என்ற குற்றச்சாட்டு வெடித்தது. சுற்றை எண்ணக் காந்தப்புலத்தை நம்பியிருக்கும் ஆயுதக் குடும்பத்துக்கு இதைவிட அவமானம் வேண்டாம். பிறகு கணிப்பெட்டியில் விரிசல். நாலாயிரத்துக்கு மேல் வாங்கத் திட்டமிட்டு, தொள்ளாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்த நிலையில், 2019 டிசம்பரில் திட்டத்தை ரத்து செய்தார்கள்.

மற்றவர்களையும் பெயர் சொல்லிவிடலாம். பிரான்ஸ் தொண்ணூறுகளில் 35 மி.மீ. குண்டோடு 'பாபோப்' என்ற பூதாகாரமான மாதிரியைச் செய்தது, காட்சியோடு சரி. ஆஸ்திரேலியாவில் மெட்டல் ஸ்டார்ம் என்ற நிறுவனம் ஒரே குழலுக்குள் குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி மின்சாரத்தால் பற்றவைக்கும் உத்தியை ஸ்டைர் ரைஃபிளின் மேல் ஏற்றிப் பார்த்தது. நகரும் பாகமே இல்லாத லாஞ்சர். இந்த வரிசையிலேயே புத்திசாலித்தனமான யோசனை அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 2012-இல் நிறுவனம் நொடித்தது. சீனா தன் கியூடிஎஸ்-11-ஐச் சிறப்புப் படைகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்திருக்கிறது.

ஏன் இப்படி? பொறியாளர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்லமுடியாது. 602 சுற்றை எண்ணி வெடிக்கும் குண்டைச் செய்தவர்கள் அவர்கள். தப்பு கேட்பாணையில் இருக்கிறது. ரைஃபிளுக்கு வேண்டியது லேசான தோட்டா, நீண்ட மெல்லிய குழல், அதிவேகம். கிரனேட்டுக்கு வேண்டியது பருத்த குழல், மந்த வேகம், பெரிய வயிறு. இரண்டையும் ஒரு கட்டையில் இணைத்து நாலரை கிலோவில் நிறுத்து என்றால், இரண்டிலும் எதையாவது வெட்டத்தான் வேண்டும். வெட்டிய பிறகு மிஞ்சுவது மட்டமான ரைஃபிளும் பலவீனமான குண்டும். இன்னொன்றையும் கேட்பாணை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு 5.56 தோட்டா 12 கிராம், ஒரு 40 மி.மீ. கிரனேட் 230 கிராம். ஆயுதத்தை எவ்வளவு லேசாக்கினாலும் 36 கிரனேட்டுகள் எட்டுக் கிலோவுக்கு மேல். ஒரே ஆள் தோட்டாவையும் சுமந்து அதையும் சுமக்கவேண்டும். எம்203 தப்பித்ததற்குக் காரணம் அது எதையும் வெட்டச் சொல்லவில்லை. ரைஃபிளை ரைஃபிளாக விட்டுவிட்டு, ஒரு குழலை மட்டும் அடியில் தொங்கவிட்டது. அதற்குப் பதில் வந்த எம்320-ஐ ரைஃபிளிலிருந்து கழற்றி, சிறு தோள்கட்டையோடு தனியாகவும் சுடலாம். பல சிப்பாய்கள் அப்படித்தான் அதைத் தனி உறையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

இதற்கிடையில் சுவருக்குப் பின்னால் இருப்பவனை அடைய இன்னொரு வழி திறந்துவிட்டது. உக்ரைனில் இரு தரப்பும் கடையில் கிடைக்கும் நாலுவிசிறி ட்ரோன்களில் லாஞ்சர் குண்டுகளையே கட்டி மேலிருந்து போடுகிறார்கள். விஓஜி-17 என்ற 30 மி.மீ. சோவியத் குண்டுக்கு முப்பரிமாண அச்சில் அடித்த பிளாஸ்டிக் வால் ஒட்டினால் அது நேராக விழும். குண்டு சுற்றை எண்ணவேண்டியதில்லை. ட்ரோனை இயக்குபவர் திரையில் பார்த்துக்கொண்டே போடுகிறார்.

அமெரிக்க ராணுவம் மட்டும் ஓயவில்லை. துல்லிய கிரனேட் துப்பாக்கி ஒன்றுக்காகப் புதிய திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை ரைஃபிளோடு இணைக்கச் சொல்லவில்லை, தனி ஆயுதம்தான். 2025-இல் பாரெட், மார்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து செய்த 30 மி.மீ. துப்பாக்கி ராணுவம் நடத்திய போட்டியில் முதலிடம் பெற்றது. அதற்கான குண்டு வகைகளின் பட்டியலைப் பார்த்தால்: மறைவில் இருப்பவன் தலைக்கு மேல் வெடிப்பது ஒன்று, பறக்கும் ட்ரோனை வீழ்த்துவது ஒன்று, கவசத்தைத் துளைப்பது ஒன்று, பூட்டிய கதவை உடைப்பது ஒன்று, அதைச் சுமப்பவர் எதிரியோடு நேருக்கு நேர் மோதும்போது ரைஃபிளுக்குப் பதிலாகச் சுட்டுக்கொள்ள இன்னும் ஒன்று.